கூரை நகர வேண்டுமா?

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்றால், சங்கக் கூட்டங்களில் காபி வேளையில் கேட்கப்படும் கேள்வி வழக்கமாக ஒன்றுதான்: "சார், வெயிட்டிங் லிஸ்ட் 40 இருக்கிறது, உறுதியாகுமா?" இப்போது அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "மொட்டை மாடியில் லூவர் கூரை போடலாமா? நீங்கள் சிவில் ஆளாயிற்றே!"

துவாரகாவிலும் மயூர் விஹாரிலும் நொய்டாவிலும் மேல் மாடி வீடு வைத்திருக்கும் நம்மவர்கள் பலரின் கைகளில் அந்த வண்ண விளம்பரத்தைப் பார்க்கிறேன். பொத்தானை அழுத்தினால் கூரைப் பட்டைகள் திரும்புகின்றன, வெயில் வருகிறது. மறுபடி அழுத்தினால் மூடிக்கொள்கின்றன, மழை நின்றுவிடுகிறது. படத்தில் ஒரு தாத்தா சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். ஆசை வருவது இயற்கைதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, என் அபிப்பிராயத்தை மொத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: கூரையின் நகரும் பாகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். வெயில், தண்ணீர், காற்று ஆகிய மூன்றின் கணக்கைப் போட்ட பிறகே நகரும் கூரை நமக்கு வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

முதலில் இது என்ன பொருள் என்று பார்த்துவிடுவோம். லூவர் நமக்குப் புதிதல்ல. ஜி.டி. எக்ஸ்பிரஸிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் ஊருக்குப் போய் வந்தவர்களுக்குப் பழைய பெட்டிகளின் ஜன்னல் நினைவிருக்கும். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955-இல் தொடங்கப்பட்டது. அங்கே தயாரான அந்தப் பெட்டிகளில் ஜன்னலுக்குக் கண்ணாடி ஷட்டர் ஒன்றும், சாய்ந்த பட்டைகள் வைத்த ஷட்டர் ஒன்றும் உண்டு. நாக்பூர் வெயிலில் பட்டை ஷட்டரை இறக்கிவிட்டால் வெயில் நிற்கும், காற்று மட்டும் வரும். அதுதான் லூவர். அதன் பட்டைகள் அசையாது. அசையும் லூவரையும் நாம் பார்த்திருக்கிறோம். ஊரில் குளியலறைக்கு வைப்பார்களே, ஓரத்துக் கம்பியை இழுத்தால் கண்ணாடிப் பட்டைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பும் ஜன்னல், அதுதான். அந்த ஜன்னலைப் படுக்கவைத்து, கண்ணாடிக்குப் பதில் அலுமினியப் பட்டைகள் போட்டு, நான்கு தூண்களின் மேல் நிறுத்தினால் இன்று விற்கும் லூவர் கூரை கிடைத்துவிடும். பத்து வருஷம் ஆன குளியலறை ஜன்னலில் அந்தக் கம்பி அசைகிறதா என்பதை வீட்டுக்கு வீடு யோசித்துப் பாருங்கள். அந்த அனுபவத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

இது பணக்காரர் வீட்டு ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தே எழுபது வயது வரை இருந்தவர்களை, பிள்ளைகள் தில்லிக்கு அழைத்து வந்து மூன்றாம் மாடியில் வைத்திருக்கிறோம். கீழே இறங்கப் படிகள். முழங்கால் இடம் கொடுப்பதில்லை. வெயில் காலம் முழுவதும் ஏ.சி. அறை, குளிர்காலம் முழுவதும் ஹீட்டர் அறை. ஜனவரியில் உடம்பில் கொஞ்சம் வெயில் படவேண்டும் என்று அவர்கள் ஏங்குவதை நான் பல வீடுகளில் பார்க்கிறேன். அவர்களுக்கு வானம் தெரியும் ஒரே இடம் மொட்டை மாடிதான். அங்கே உட்கார வசதியாக ஓர் இடம் அமைத்துக் கொடுப்பது அவசியமான செலவு. அந்தப் பணம் சரியான இடத்தில் போகவேண்டும் என்பதுதான் என் கவலை.

இப்போது முதல் கணக்கு, வெயில்.

தில்லி 28.6 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் 21-ஆம் தேதி உச்சி வேளையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே, 85 பாகை உயரத்தில் நிற்கும். டிசம்பர் 22-ஆம் தேதி அதே உச்சி வேளையில் தெற்கு வானில் வெறும் 38 பாகை உயரத்தில்தான் இருக்கும். அன்று சென்னையில் அது 53 பாகைக்கு மேல் இருக்கும். ஆகவே ஊரில் வீடு கட்டிய அனுபவத்தை வைத்து இங்கே வெயிலைக் கணிக்க முடியாது. குளிர்காலத்தில் தில்லியின் வெயில் மேலிருந்து விழுவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் நுழைகிறது.

இதனால் என்ன ஆகிறது? மாடியில் 12 அடிக்கு 12 அடி அளவில், 8 அடி உயரத்தில், அசையாத சாதாரணக் கூரை ஒன்று போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தெற்குப் பக்கம் திறந்திருக்கிறது. டிசம்பர் உச்சி வெயில் அந்தத் தெற்கு ஓரத்தின் கீழாக நுழைந்து தரையில் 10 அடி தூரம் உள்ளே வரும். தெற்கு ஓரத்தில் 3 அடிக் கைப்பிடிச் சுவர் இருந்தால் அதன் நிழல் ஏறக்குறைய 4 அடி விழும். மீதியுள்ள 6 அடி அகலத்துக்கு, கூரையின் ஒரு பட்டையும் திரும்பாமலேயே, வெயில் கிடைக்கும். இரண்டு நாற்காலிகளும் ஒரு கட்டிலும் போட அது போதும். நவம்பரிலும் பிப்ரவரியிலும் அந்த அகலம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதே கூரையின் கீழ் ஜூன் மாத உச்சி வெயில் முக்கால் அடிகூட நுழையாது. குளிரில் வெயில், கோடையில் நிழல் என்று விளம்பரம் எதைச் சொல்லி விற்கிறதோ, அதைத் தெற்கு திறந்த வீட்டில் சூரியனே செய்து கொடுத்துவிடுகிறது. கூரை நகரவேண்டிய அவசியமில்லை.

தெற்கே மம்டியோ தண்ணீர்த் தொட்டியோ பக்கத்துக் கட்டிடமோ கூரைக்குச் சமமான உயரத்தில் நின்றால்? அப்போதும் லூவர் பெரிய உதவி செய்யாது. 8 அடிச் சுவரின் நிழலே 10 அடி விழும். பட்டைகளை எப்படித் திருப்பினாலும், சுவர் மறைத்த வெயிலை அவை கொண்டுவராது. அங்கே உட்காரும் இடத்தை வடக்கே தள்ளிப் போடுவதுதான் வழி.

அப்படியானால் லூவர் கூரை யாருக்குத்தான் பயன்படும்? இரண்டு பேருக்கு. ஒருவர், தெற்கிலிருந்து வடக்காக 15, 20 அடி ஆழமுள்ள பெரிய மாடி வைத்திருப்பவர். அவர் உட்காரும் இடம் உள்ளே தள்ளி, வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கும். பக்கவாட்டு வெயில் அங்கே எட்டாது. மேலே திறந்தால்தான் எட்டும். மற்றவர், கோடை இரவில் மாடியில் படுக்க விரும்புபவர். அசையாத கூரையின் கீழ் பகல் வெப்பம் தேங்கி நிற்கும். பட்டைகளைத் திறந்துவிட்டால் வெப்பம் மேலே போய்விடும், வானமும் தெரியும். அந்தக் காலத்தில் கரோல் பாக் பர்சாத்தியில் குடியிருந்த நம் பிரம்மச்சாரிகள் மே மாத இரவுகளில் கயிற்றுக் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டுத் தூங்கியது இந்தத் தத்துவத்தில்தான். இந்த இரண்டில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் லூவர் கூரையைப் பற்றி யோசியுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால், நல்ல வாட்டத்துடன் ஓர் அசையாத கூரையும், பக்கங்களில் சுருட்டி ஏற்றும் மூங்கில் சிக்கும் போதும். மிச்சமாகும் பணத்தில் மாடிக்கு ஏறும் படியில் இரு பக்கமும் கைப்பிடிக் குழாய் போட்டுவிடலாம். பெரியவர்களுக்கு அதுவும் முக்கியம்.

வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் விற்பனையாளரிடம் முதலில் கேட்கவேண்டியது, பட்டைகள் எந்தத் திசையில் நீளும் என்பது. பட்டைகள் கிழக்கு மேற்காக நீண்டிருந்தால், குளிர்காலத்தில் அவற்றைத் தெற்கு வெயிலுக்கு இணையாக ஒரு முறை சாய்த்து வைத்தால், காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டரை வரை கிட்டத்தட்டத் தொடவே வேண்டாம். தெற்கு வடக்காக நீண்டிருந்தால் சூரியன் நகர நகர நாமும் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். பனிமூட்டம் விலகி இங்கே வெயில் வருவதே நண்பகலை ஒட்டித்தான். அந்த மூன்று மணி நேரமும் பெரியவர் எழுந்து எழுந்து கூரையைத் திருப்பிக்கொண்டா இருப்பார்? ஆனால் விற்பனையாளர்கள் பெரும்பாலும் எந்தப் பக்கம் நீளம் குறைவோ அந்தப் பக்கமாகப் பட்டையைப் போட்டுவிடுவார்கள். அவர்களுக்கு அது சுலபம். வரைபடத்தில் திசையைக் குறிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கோடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 மே 29 அன்று சஃப்தர்ஜங்கில் 46.8 பாகை வெப்பம் பதிவானது. அந்த மாதிரி நாளில் லூ காற்று அடிக்கும்போது லூவரும் ஒன்றும் செய்யாது. பகல் 11 மணியிலிருந்து 5 மணி வரை எந்தக் கூரையின் கீழும் வெளியே உட்காரக்கூடாது. காலையிலும் மாலையிலும் உட்காரத்தான் இந்த ஏற்பாடு. பட்டை வெளிர் நிறமாக இருக்கட்டும். ஒற்றைத் தகடாக இல்லாமல் உள்ளே கூடாக, இரட்டைச் சுவருடன் இருந்தால் அடிப்பக்கம் கொதிக்காது. பகலில் அடியோடு மூடாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டால் சூடான காற்று வெளியேறும். மேற்குப் பக்க வெயிலுக்கு, பழைய தில்லிக்காரர்கள் தொங்கவிடும் கஸ் தட்டி, அதாவது நம் வெட்டிவேர்த் தட்டி, தண்ணீர் தெளித்துவைத்தால் இன்றும் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

இரண்டாவது கணக்கு, தண்ணீர்.

12 அடிக்கு 12 அடி என்றால் 13.4 சதுர மீட்டர். அதன் மேல் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் 13.4 லிட்டர் தண்ணீர். 2024 ஜூன் 28 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் சஃப்தர்ஜங்கில் 228.1 மில்லிமீட்டர் மழை பதிவானது. உங்கள் கூரையின் மேல் அன்று விழுந்திருக்கக்கூடியது 3,000 லிட்டருக்கு மேல். மாடியில் இருக்கிறதே ஆயிரம் லிட்டர் தொட்டி, அதில் மூன்று. அதில் பெரும் பகுதி சில மணி நேரத்துக்குள் கொட்டியது.

இந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று விற்பனையாளரைக் கேளுங்கள். பட்டைகள் மூடும்போது ஒன்றன் விளிம்பு அடுத்ததன் மேல் உட்காரும். ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் ஒரு சிறு வாய்க்கால் உண்டு. தண்ணீர் அதில் ஓடி, பட்டையின் முனையில் உள்ள உத்தரத்துக்குள் இருக்கும் பெரிய வாய்க்காலில் விழுந்து, தூணுக்குள் மறைந்திருக்கும் குழாய் வழியே கீழே இறங்கும். பார்க்க மிகவும் நாகரிகமாக இருக்கும். ஆனால் எல்லாம் உள்ளே மறைந்திருப்பதால், அடைத்துக்கொண்டால் தெரிவதும் இல்லை. தில்லியில் அடைக்கப் பொருளுக்குப் பஞ்சமா? ஆந்தி கொண்டுவரும் புழுதி, வேப்பிலை, அரசிலை, எல்லாவற்றுக்கும் மேலாகப் புறா. உத்தரத்து வாய்க்காலில் புறா கூடு கட்டிவிட்டால் முதல் மழையில் தண்ணீர் தூண் வழியாகப் போகாமல் சாய்வு நாற்காலியின் மேல் இறங்கும். ரயில்வேயில் பிளாட்பாரக் கூரைக்கு ஒரு விதி வைத்திருந்தோம்: மழைக்காலத்துக்கு முன் வாய்க்காலைக் கையால் துழாவித் துப்புரவு செய்தாகவேண்டும். துழாவக் கை நுழையாத வாய்க்கால் உள்ள கூரையை வாங்காதீர்கள். தூணுக்குள் போகும் குழாயின் அடியில் திறந்து பார்க்க மூடி இருக்கவேண்டும். வாய்க்காலின் மேல் வலை கேளுங்கள்.

காற்றோடு வரும் மழைக்கு லூவர் கூரை முழுப் பாதுகாப்பு அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சாரல் பக்கவாட்டில்தான் வரும். 'மழை வந்தால் மூடிக்கொள்ளலாம்' என்று நம்பி மெத்தை வைத்த சோபாவையும் டிவியையும் வெளியே வைப்பவர்களுக்கு என் அனுதாபங்கள்.

அடுத்து, தூண் எங்கே நிற்கிறது என்பது. இது கூரையைவிட முக்கியம். ஆனால் இதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஊரில் மொட்டை மாடிக்குச் சுருக்கி போட்டுத் தட்டோடு பதிப்பார்கள். தில்லியின் பழைய கட்டிடங்களில் கான்கிரீட் தளத்தின் மேல் தார் பூசி, மண் நிரப்பி, அதன் மேல் செங்கல் ஓடு பதித்திருப்பார்கள். வெளியே தெரிவது ஓடு. அதன் கீழே பல அங்குலம் மண். தூணின் அடித்தகட்டை அந்த ஓட்டின் மேல் வைத்து போல்ட் அடித்தால் அது பிடித்துக்கொண்டிருப்பது ஓட்டையும் மண்ணையும்தான். காற்றுக்கு அது தாங்காது. நீளமான போல்ட் போட்டுக் கான்கிரீட் வரை இறக்கினாலோ, நீர்காப்பில் பதினாறு ஓட்டை போட்டதாகிவிடும். அந்த ஓட்டைகள் வழியாக இறங்கும் தண்ணீர் மண்ணில் ஊறி மாதக்கணக்கில் கசியும்.

ஒரு சொசைட்டியில் இப்படித்தான் நடந்தது. நிறுவனத்தின் ஆட்கள் இரண்டே நாளில் கூரையை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். மேலே நல்ல கூரை, ஒரு குறையும் இல்லை. ஆகஸ்டில் கீழ் வீட்டுக் குழந்தைகள் படுக்கும் அறையின் கூரையில் ஓதம் இறங்கி, பிளாஸ்திரி பெயர்ந்து விழுந்தது. என்னைப் பார்க்கச் சொன்னார்கள். தூண் இருந்த நான்கு இடங்களுக்கும் நேர் கீழேதான் கறை படிந்திருந்தது. இரண்டு குடும்பங்களும் பல வருஷமாகப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பட்சணம் பரிமாறிக்கொண்டவர்கள். அதன் பிறகு லிஃப்டில் ஒருவருக்கொருவர் முகம் பார்ப்பதில்லை. சொந்த பந்தம் எல்லாம் ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் நமக்கு, அவசரத்தில் ராத்திரி கதவைத் தட்ட இருப்பவர் கீழ் வீட்டுக்காரர்தான். அவரை இழக்கும்படியான எந்தக் கூரையும் நமக்கு வேண்டாம்.

சரியான முறை கடினமானதல்ல. தூண் வரும் இடத்தில் ஓட்டையும் மண்ணையும் கான்கிரீட் வரை அகற்றவேண்டும். அங்கே கீழே கட்டிடத்தின் உத்தரமோ தூணோ இருக்கிறதா என்று கட்டிட வரைபடத்தில் பார்க்கவேண்டும். அதன் மேல், கம்பி கட்டி, தரை மட்டத்துக்கு மேல் ஓர் அடி நிற்கும் சிறு கான்கிரீட் மேடை அமைத்து, நீர்காப்பை அந்த மேடையின் நான்கு பக்கமும் மேலேற்றி மூடவேண்டும். மேடை போடும்போதே ஆங்கர் போல்ட்டைப் பதித்துவிட்டால், தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஓட்டையே கிடையாது. போல்ட் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். எஃகும் அலுமினியமும் நேராக உரசும் இடத்தில், ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும்; நடுவே நைலான் வாஷர் வைக்கவேண்டும். இந்த வேலைக்கு ஒரு வாரம் கூடுதலாகும். கூடுதல் பணமும் ஆகும். மொத்தத் தொகையில் பேரம் பேசி எதையாவது குறைக்கவேண்டுமென்றால் ரிமோட்டையும் வண்ண விளக்குகளையும் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

மூன்றாவது கணக்கு, காற்று.

2022 மே 30 மாலை வீசிய புயற்காற்றை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. சஃப்தர்ஜங்கில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் பதிவானது; மரங்கள் சாய்ந்தன; ஜும்மா மசூதியின் கலசமே உடைந்தது. காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட ஐ.எஸ். 875, மூன்றாம் பாகத்தில் எளிய சூத்திரம் இருக்கிறது. அதன்படி 100 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 47 கிலோ அழுத்தும். 12 அடிக்கு 12 அடிக் கூரை முழுவதற்கும் 630 கிலோ. கூரையின் வடிவத்தையும் காற்றின் திசையையும் பொறுத்து இது கூடலாம், குறையலாம். அதைப் பொறியாளர் கணக்கிடவேண்டும். கவனிக்கவேண்டியது, இந்த அழுத்தம் கூரையை மேல்நோக்கியும் தூக்கும் என்பது. அலுமினியக் கூரையின் சொந்த எடை இதற்கு ஈடாகாது. ஆகவே கூரை தன் எடையால் நிற்பதில்லை, போல்ட்டால் நிற்கிறது. வேகம் ஒன்றரை மடங்கானால் அழுத்தம் இரண்டேகால் மடங்காகும். வடிவமைப்புக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அந்தத் தரநூல்.

நான்காம் மாடியிலிருந்து ஒரு பட்டை பிய்த்துக்கொண்டு போனால் கீழே நடப்பவர் நம் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். மேலே சொன்ன 2024 ஜூன் 28 அன்று காலை, தில்லி விமான நிலையத்தின் முதல் முனையத்தில் முகப்புக் கூரை சரிந்து விழுந்து ஒருவர் இறந்தார். பெரிய நிறுவனங்கள் கட்டும் இடத்திலேயே இப்படி நேரும் என்றால், நம் மாடியில் எவ்வளவு கவனம் வேண்டும்! ஆகவே விற்பனையாளரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். இந்தக் கூரை எவ்வளவு வேகக் காற்றுக்குக் கணக்கிடப்பட்டது? பலத்த காற்றின்போது பட்டைகளைத் திறந்து வைக்கவேண்டுமா, மூடி வைக்கவேண்டுமா? தூணின் பிடிப்புக்கு யார் பொறுப்பு? வாயால் சொல்வதை எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

மூன்று கணக்கும் சரியாக வந்தால், கடைசியாக மோட்டாரா, கைப்பிடியா என்ற கேள்வி. 12 அடிக் கூரைக்கு, இடுப்பு உயரத்தில் நின்று சுழற்றும் கைப்பிடி போதும் என்பது என் அபிப்பிராயம். அதை எழுபது வயதுக்காரரும் சுழற்றலாம். கெட்டுப்போனால் எந்த லேத் பட்டறையிலும் சரிசெய்யலாம். பெரிய கூரைக்கு மோட்டார்தான் வேண்டுமென்றால், மோட்டார் நின்றுபோனாலும் கையால் மூட வழி இருக்கிறதா என்று கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். உதிரி பாகம் தில்லியில் கிடைக்குமா, இன்னும் ஐந்து வருஷம் கழித்தும் கிடைக்குமா என்று கேளுங்கள். மழையை உணர்ந்து தானே மூடும் கருவி நல்லதுதான்; ஆனால் அதன் கண்ணில் புழுதி படிந்தால் அதற்கு மழையும் தெரியாது. குரங்கு வரும் பகுதியில் இருப்பவர்கள் ஒரு தனிப் பட்டையை மட்டும் மாற்ற முடியுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். குரங்கு உத்தரவாதப் பத்திரம் படிப்பதில்லை.

சொசைட்டியின் அனுமதி பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்கிறேன். மேல் மாடி வீடு நமது என்பதால் மாடி நமதாகிவிடாது. பத்திரத்தில் மாடி உரிமை யாருக்கு என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து, சொசைட்டியிடமும், தேவையானால் நகராட்சியிடமும் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். கீழ் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே வரைபடத்தைக் காட்டி, அவர் வீட்டுக் கூரையின் இன்றைய நிலையைப் புகைப்படம் எடுத்து இருவரும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். வேலையை அக்டோபருக்குள் முடியுங்கள். அதன் பிறகு காற்று மாசு கடுமையாகும் நாட்களில் கட்டுமான வேலைகளுக்குத் தடை வந்துவிடும். அப்படிப்பட்ட நாட்களில் பெரியவர்களையும் வெளியே உட்கார வைக்கவேண்டாம். வெயில் நல்லதுதான், அந்தப் புகை நல்லதல்ல.

அவசரம் இல்லாதவர்களுக்கு ஒரு யோசனை. முன்பணம் கொடுக்குமுன் ஒரு குளிர்காலத்தைக் கடந்து பாருங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு நாள், பகல் 12.20 மணிக்கு மாடிக்குப் போங்கள். தில்லியில் அப்போதுதான் உண்மையான உச்சி வேளை. கூரை வரவேண்டிய இடத்தில், 8 அடி உயரத்தில் கயிறு கட்டி ஒரு பழைய எட்டு முழ வேட்டியை விரித்துப் போடுங்கள். நிழல் எங்கே விழுகிறது, வெயில் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர் ஆசைப்படும் இடம் வெயிலுக்குள் வந்தால் அசையாத கூரை போதும். வராவிட்டால், அப்போது லூவர் கடைக்குப் போகலாம். அந்தக் கோடுகளின் அளவையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் தன் வண்ணப் படத்தைக் காட்டுமுன் நீங்கள் உங்கள் அளவைக் காட்டிவிடலாம்.